முதல்ல விழக் கத்துக்குங்க பாஸ்!

மொட்டை மாடியில் மணல் மூட்டை தொங்கவிட்டாச்சு. வீடியோ பார்த்துப் பார்த்தே ரவுண்ட் கிக் வந்தாச்சு. பாதி கராத்தே, கால்வாசி குங்ஃபூ, மிச்சம் சொந்தச் சரக்கு... தப்பே இல்லை பாஸ்! ஆனா, என்னைக்காவது ஒரு நண்பன் ரெண்டு குத்து வாங்கினாலும் பரவாயில்லைன்னு உள்ளே புகுந்து உங்க இடுப்பைக் கட்டிப்பிடிச்சா, அத்தனை கிக்கும் அம்பேல்! அப்பத்தான் தோணும், 'அடுத்து எறியறதும் பிடி போடறதும் கத்துக்கணும்' என்று.

இந்த ஞானோதயம் பெரிய தலைகளுக்கே வந்திருக்கு. 1973-ல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தின் முதல் சண்டையை இன்னொரு தடவை பாருங்க. புரூஸ் லீ, சாமோ ஹங்கை முடிக்கிறது குத்தால் இல்லை. தரையில் சாய்ச்சு, பிடி போட்டு! அவர் தட்டின பிறகுதான் விடுவார். 'கிரீன் ஹார்னெட்' டி.வி. தொடரில் (1966-67) நடிச்ச காலத்திலேயே ஜீன் லெபெல் என்ற அமெரிக்க ஜூடோ சாம்பியனோடு லீ பயிற்சி எடுத்தார். இவர் அடியைச் சொல்லித் தர, அவர் பிடியைச் சொல்லித் தந்தார். 1993-ல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில், சுமார் 80 கிலோ எடையே இருந்த ராய்ஸ் கிரேஸி ஒரே ராத்திரியில் மூணு பேரைப் பணிய வெச்சதும் பிடியால்தான்.

சரி, வீடியோவைப் போட்டு ஆரம்பிச்சிடலாமா? கொஞ்சம் பொறுங்க. மணல் மூட்டையை எவ்வளவு உதைச்சாலும் அதுக்கு வலிக்காது. ஆனா, எறியறதுக்கு இன்னொரு உடம்பு வேணும். அந்த உடம்பு கீழே விழும். அடுத்த ரவுண்டில் அது உங்க உடம்பு!

நூலகத்தில் கிடைச்ச பிடி

ஜூடோவை உருவாக்கின ஜிகோரோ கானோ, டோக்கியோவில் கொடோகன் பள்ளியை ஆரம்பிச்சது 1882-ல். வயசு 21... நம்ம செட்! அதுக்கு முன்னாடி ஜுஜுட்சு மாணவரா இருந்தப்போ, தன்னைவிட கனமான ஒரு சீனியரை அவரால் சாய்க்கவே முடியலை. நேரா நூலகத்துக்குப் போனார். மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகத்தில், ஆளைத் தோளில் தூக்கிப் போடும் பிடி ஒண்ணு கிடைச்சது. அதைப் போட்டு சீனியரைச் சாய்ச்சார். இன்னைக்கும் ஜூடோவில் அதுக்கு 'கட்டா குருமா' என்று பேர்.

'பார்த்தீங்களா, புத்தகம் பார்த்துத்தானே கத்துக்கிட்டார்!' என்கிறீங்களா? ஒரு விஷயத்தை மறந்துடாதீங்க. அவர் ஏற்கெனவே ஆசிரியர்கிட்ட விழுந்து எழுந்து பழகினவர். விழத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புத்தகம் உதவும்.

மெக்கானிக்ஸ் கிளாஸ்

எறியறது பலம் இல்லை, கணக்கு. எதிராளியோட புவியீர்ப்பு மையம் அவர் பாதங்களைத் தாண்டி வெளியே வந்துட்டா, அவர் பாதி விழுந்தாச்சு. இடுப்பு எறிதலில் முதல் வேலை, சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து அவரைக் குதிகாலில் இருந்து முன்விரலுக்குக் கொண்டுவர்றது. அப்புறம் திரும்பி, முழங்காலை மடக்கி, உங்க இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே கொடுக்கணும். இடுப்புதான் நெம்புகோலோட தாங்குபுள்ளி! முதல் வேலையை விட்டுட்டுத் தூக்கப் பார்த்தா, உங்க முதுகுதான் பிடிச்சுக்கும்.

விளையாட்டு வினையாகும் இடம்

ஜப்பானில் ஆசிரியர், பாய் எல்லாம் இருந்தும், 1983-ல் தொடங்கி சுமார் 30 வருஷத்தில் நூத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி ஜூடோவில் இறந்திருக்காங்க. பலருக்கும் காரணம் தலைக்காயம். அதிகம் மாட்டினது புதுசா சேர்ந்தவங்க. காலை வெளிப்பக்கமாத் தட்டி, ஆளைப் பின்பக்கமா மல்லாக்க வீழ்த்துற 'ஓசோடோ காரி' எறிதலில் இந்த ஆபத்து அதிகம். பாயிலேயே இப்படின்னா, ஹாஸ்டல் வராண்டா சிமென்ட் தரையை யோசிங்க!

அதனால, வேலையை இப்படிப் பிரிச்சுக்குங்க...

தனியா செய்யலாம்: விழற பயிற்சி. புல்தரையிலோ மெத்தையிலோ, குந்தின நிலையில் இருந்து ஆரம்பிங்க. தாடையை நெஞ்சோடு ஒட்டவெச்சு, தொப்புளைப் பாருங்க. முதுகை வளைச்சு உருளுங்க. ரெண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் தரையை அறைஞ்சு, மூச்சை வெளியே விடுங்க. கையை ஊன்றித் தாங்க நினைச்சா மணிக்கட்டோ காரை எலும்போ காலி! அப்புறம், பழைய சைக்கிள் டியூபைத் தூணில் சுத்தி, ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்துத் திரும்பிப் பழகலாம். எறிதலோட பாதி வேலை இதிலேயே வந்துடும்.

நண்பனோடு செய்யலாம்: மெத்தை மேல, முட்டி போட்ட நிலையில் மெதுவா பிடி போடறது. யார் ரெண்டு தட்டு தட்டினாலும் அந்த விநாடியே விட்டுடணும். கை மாட்டிக்கிட்டா வாயால சொல்லணும். 'இன்னும் கொஞ்சம் தாங்குடா' என்கிறவனோட சேராதீங்க.

ஆசிரியர் இல்லாம கூடவே கூடாது: நின்ன நிலையில் முழு எறிதல், கழுத்துப்பிடி, முழங்கால் முறுக்கு. கழுத்தின் ரத்தக்குழாய் அடைபட்டா சுமார் பத்து விநாடியில் நினைவு தப்பிடும். குதிகாலைப் பிடிச்சு முறுக்கினா, வலி உறைக்கிறதுக்குள்ள லிகமென்ட் கிழிஞ்சிடும். தலையில் அடிபட்டுத் தலைவலி, வாந்தி, மயக்கம்னு எது வந்தாலும் ரூமில் படுக்க வைக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

உங்க ஊர் விளையாட்டு அரங்கில் ஜூடோவோ மல்யுத்தமோ சொல்லித் தர்றாங்களான்னு விசாரிங்க. இல்லையா? காலேஜ் கபடி டீமில் சேருங்க. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, மூணு பேரோட சேர்ந்து விழறதுன்னு பாதிப் பாடம் அங்கேயே இருக்கு.

'கோதாவில் இறங்கிட்டான்' என்று சொல்றோமே, கோதா என்கிறது பயில்வான்களின் மண்களம். மோதறதுக்கு முன்னாடி மண்ணைக் கொத்திக் கிளறி, கல் பொறுக்கி மெத்துன்னு ஆக்கிடுவாங்க. எவ்வளவு பெரிய பயில்வானா இருந்தாலும் மண்வெட்டியைத் தூக்கினப்புறம்தான் ஆளைத் தூக்குவார். நீங்களும் மெத்தையைத் தூக்கிட்டு வாங்க பாஸ்!