கடல் சாமந்திக்கு அவசரம் ஆகாது

எங்கள் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் இரண்டடி உவர்நீர்த் தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. கோமாளி மீன்கள் இரண்டும் தீவன டப்பாவைப் பார்த்தாலே மேலே வந்துவிடும். “நீமோவுக்கு வீடு எப்போப்பா வாங்கப் போறோம்?” என்று மகன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்றால் தாராளமாக விடலாம் என்றார் கடைக்காரர். பால் வெள்ளையாக, பார்க்க அத்தனை அழகாக இருந்த கடல் சாமந்தி ஒன்றை வாங்கிவந்தோம். அது ஓர் இடத்தில் உட்காரவே இல்லை. மூன்று இரவு தொட்டி முழுக்க நடந்தது. நான்காம் நாள் காலை, அலைப் பம்பில் சிக்கிக் கிழிந்து கிடந்தது. தண்ணீர் கலங்கிப்போயிற்று. மாலைக்குள் ஒரு மீனும் போய்விட்டது. மகன் அன்று சாப்பிடவில்லை.

தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேற வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அது முடிந்தால் சில மீன்களின் கழிவைத் தொட்டி தாங்கும். அவ்வளவுதான் அதன் பொருள். கடல் சாமந்தி கேட்பது வேறு. பூப்போல் இருந்தாலும் அது ஒரு விலங்கு. செதிலோ ஓடோ கிடையாது. தண்ணீரில் ஏற்படும் மாற்றம் நேராக உடம்பில் படும். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக்கொண்டு அதற்குப் பெரும்பகுதி உணவைத் தருகிறது. நான் அழகென்று வாங்கிய வெள்ளை நிறம், அந்தப் பாசியை இழந்த நோயாளியின் நிறம்!

ஆறு மாதம் பொறுங்கள், முடிந்தால் ஒரு வருடம் என்று அனுபவசாலிகள் சொல்வதை முதலில் நான் பயமுறுத்தல் என்றே நினைத்தேன். நாட்காட்டியில் மந்திரம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த மாதங்களில் பாறையில் பழுப்புப் பாசி வந்து போகும், பச்சைப் பாசி வந்து அடங்கும், பிறகு ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி மெல்லப் படரும். அந்த ஊதா நல்ல அறிகுறி. அதைவிட முக்கியம், தொட்டியை வைத்திருப்பவர் அதற்குள் தொட்டியைப் படித்துவிடுவார்.

நம் ஊரில் இரண்டு தொல்லை. ஒன்று வெப்பம். பம்பும் விளக்கும் சேர்ந்தால் தண்ணீர் எளிதில் 30 டிகிரியைத் தாண்டும். கடல் சாமந்திக்கு 25, 26 போதும். சில்லர் பல நூறு வெள்ளி ஆகும் என்று மின்விசிறி வைத்தேன். வெப்பம் குறைந்தது, ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியானது. இதுதான் இரண்டாவது தொல்லை: நீர் போகும், உப்பு போகாது. காலையில் 1.025 இருந்த உப்பு அளவு அடுத்த நாளே ஏறி நிற்கும். குறைந்த அளவுக்கு ஆர்ஓ நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. கடைசியில் தானாக நீர் நிரப்பும் கருவியும் வந்தது, சில்லரும் வந்தது. வீட்டுக்காரியிடம் விலையை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஒரு குறிப்பேடு போட்டேன். உப்பு 1.025, 1.026, அல்கலினிட்டி 8, 9, நைட்ரேட் பத்துக்குள், ஆனால் சுழியம் வேண்டாம். எண் சரியாக இருப்பதைவிட அசையாமல் இருப்பதுதான் கணக்கு. ஒரு மாதம் நான் பெரிதாகக் கைவைக்காமலே எண்கள் அப்படியே நின்றால் தொட்டி தயார் என்று முடிவு செய்தேன்.

இத்தனை கவலை ஏன் என்றால், இது நெடுங்காலம் வாழக்கூடிய உயிர். 1828ல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் ஜான் டால்யெல் என்பவர் எடுத்துவந்த ஒரு கடல் சாமந்தி, எடின்பரோவில் ஒரு கண்ணாடிக் குடுவையில் 1887 வரை வாழ்ந்தது. ‘கிரானி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது குளிர்கடல் இனம், நம்முடையதுபோல் வெளிச்சம் கேட்காது. இருந்தாலும் 59 வருடம்! என்னிடம் நான்கு நாள்.

இன்னொன்று, கோமாளி மீனுக்குத் தொட்டியில் கடல் சாமந்தி கட்டாயமில்லை. அது இல்லாமலே நன்றாக வாழும். புலாவ் ஹந்துவில் நீர் வற்றும் நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்கு அதுவே போதுமென்றால் பணமும் மிச்சம்.

தொட்டிக்குப் பத்து மாதமானபோது தீபாவளிக்கு ஜோகூர் போய் நான்கு நாள் தங்கினோம். திரும்பியதும் நேராகத் தொட்டிக்குப் போனேன். உப்பு 1.025, வெப்பம் 26. அடுத்த வாரம் பம்புக்கு வலைமூடி மாட்டிவிட்டு, தொட்டியிலேயே பிரிந்து பெருகிய குமிழ்நுனி வகை ஒன்றைத் தேடி வாங்கினோம். பழுப்பு நிறம், வாய் இறுக மூடியிருந்தது, கால் கண்ணாடியை விடாமல் பிடித்திருந்தது. வந்த அன்றே பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொண்டது.

மிச்சமிருக்கும் மீன்? மூன்று வாரமாகிறது, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பம்புக்குப் பின்னால்தான் தூங்குகிறது.