கட்டளைக் குறிகளும் கையேட்டின் ஒழுங்கும்

கணிப்பொறியிடம் வேலை வாங்குவதற்கு இருவகை முறைகள் வழக்கில் உள்ளன. திரையில் தோன்றும் படங்களையும் பட்டியல்களையும் சுட்டி வேலை வாங்குவது ஒன்று. விசைப்பலகையில் கட்டளையைச் சொற்களாகத் தட்டெழுதி வேலை வாங்குவது மற்றொன்று. முதல் முறை எளிது. ஆயினும், ஒரே வேலையை நூற்றுக்கணக்கான கோப்புகளின்மீது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவர்களுக்கும், நிரல் எழுதுபவர்களுக்கும் இரண்டாவது முறையே இன்றளவும் பெரிதும் பயன்பட்டு வருகிறது. ஒருமுறை சரியாக எழுதி வைத்த கட்டளையை மறுநாளும் மறு ஆண்டும் மாற்றமின்றிப் பயன்படுத்தலாம் என்பதே இதற்குக் காரணம்.

இத்தகைய கட்டளை பெரும்பாலும் மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது, கருவியின் பெயர். இரண்டாவது, அக்கருவி எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் கூறும் குறி. மூன்றாவது, எக்கோப்பின்மீது இயங்க வேண்டும் என்பது. இவற்றுள் இரண்டாவதை விருப்பக்குறி எனலாம். உதாரணமாக, 'ஸார்ட்' என்னும் கருவி ஒரு கோப்பிலுள்ள வரிகளை வரிசைப்படுத்தும். அதனுடன் ஒரு சிறுகோடும் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால் வரிசை தலைகீழாகும். சிறுகோடும் 'என்' என்னும் எழுத்தும் சேர்த்தால், வரிகள் எண்களின் மதிப்பைக் கொண்டு வரிசைப்படுத்தப்படும். இக்குறி இல்லாவிடில் 100, 25, 9 என்னும் எண்கள் அதே முறையில்தான் வரும். ஏனெனில், கருவி முதல் எழுத்தை மட்டுமே முதலில் ஒப்பிடும். ஒரேயோர் எழுத்து விடுபட்டதால் விடையே மாறிவிடுகிறது என்பதை இதனின்றும் உணரலாம்.

ஆகவே, எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தல் இன்றியமையாதது. ஒரு கருவிக்கு எழுதுவது கடினமன்று. ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் பல கருவிகளுக்கு ஒரே சீராக எழுதுவதே கடினம்.

ஒரே எழுத்து, பல பொருள்

மழையளவுப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் நிலையத்தின் பெயர், தேதி, பெய்த மழை ஆகிய மூன்றும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுள்ளன. இப்பதிவிலிருந்து ஒரு பத்தியை மட்டும் பிரித்தெடுக்க 'கட்' என்னும் கருவி உதவும். பிரிக்கும் குறி காற்புள்ளி என்று அதற்குத் தெரிவிக்க 'டி' (ஆங்கில அகரவரிசையில் நான்காவது எழுத்து) வேண்டும். அதே பதிவை வரிசைப்படுத்தும் 'ஸார்ட்' கருவிக்கு அதே செய்தியைத் தெரிவிக்க இருபதாவது எழுத்தாகிய 'ட்டி' வேண்டும். 'ஆக்' என்னும் மூன்றாவது கருவிக்கோ பெரிய எழுத்து 'எஃப்' வேண்டும். செய்தி ஒன்று; குறிகள் மூன்று.

'கட்' கருவியைக் கற்றவர் அப்பழக்கத்தால் 'ஸார்ட்' கருவிக்கும் நான்காவது எழுத்தை இட்டுக் காற்புள்ளியை எழுதினால் என்ன நேரும்? 'ஸார்ட்' கருவியில் அவ்வெழுத்து அகராதி வரிசையைக் குறிக்கும். கருவி காற்புள்ளியை ஒரு கோப்பின் பெயரெனக் கொண்டு, அப்பெயருடைய கோப்பு இல்லை என்று அறிவிக்கும். இங்குத் தவறு உடனே வெளிப்பட்டுவிடுவதால் தீங்கு பெரிதன்று.

எல்லாத் தவறுகளும் இவ்வாறு வெளிப்படுவதில்லை. கோப்பைப் படியெடுக்கும் 'ஸிபி' கருவியிலும், அழிக்கும் 'ஆர்எம்' கருவியிலும் 'ஐ' என்னும் எழுத்து ஒரு காவற்குறியாகும். பழைய கோப்பை மாற்றுமுன், அல்லது அழிக்குமுன், பயனரின் சம்மதத்தைக் கேட்குமாறு அது கருவிக்கு ஆணையிடுகிறது. 'க்ரெப்' என்னும் தேடுகருவியில் அதே எழுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டைப் பாராட்டாதே என்று பொருள்படும். ஆனால் எழுத்துகளைத் திருத்தும் 'ஸெட்' கருவியில் அதே எழுத்து, மூலக் கோப்பையே திருத்தி எழுதிவிடு என்று பொருள்படும். முதலிரு கருவிகளில் பாதுகாப்பைத் தந்த குறியை நம்பி ஒருவர் இங்கும் அதனை இட்டால், எந்தக் கேள்வியுமின்றி அவருடைய மூலப் பதிவு மாறிவிடும். வேறு படி இல்லையெனில் இழந்த பதிவை மீட்பது அரிது.

மற்றோர் எடுத்துக்காட்டும் கருதத்தக்கது. ஒரு கோப்புறையையும் அதனுள் அடங்கிய எல்லாவற்றையும் தொடர்ந்து கொள்ளுமாறு கூற, 'ஆர்எம்', 'க்ரெப்' ஆகிய கருவிகளில் சிறிய எழுத்து 'ஆர்' இடுவது வழக்கம். கோப்புகளின் உரிமைகளை மாற்றும் 'ஸிஎச்மாட்' கருவியில் இதற்குப் பெரிய எழுத்து 'ஆர்' இடவேண்டும். அங்குச் சிறிய எழுத்து இடின், படிக்கும் உரிமையை நீக்குக என்று பொருளாகிவிடும்.

இவ்வேற்றுமை எவ்வாறு தோன்றியது?

இக்கருவிகளின் தாயகம் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடம். அங்கு 1969-இல் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் கட்டளைகளைத் தட்டெழுதப் பயன்பட்ட தொலைதட்டச்சுப் பொறிகள் வினாடிக்கு ஏறத்தாழ 10 எழுத்துகளையே அச்சிடவல்லவை. எனவே பெயர்களும் குறிகளும் இயன்றவரை குறுகியிருந்தன. கருவிகளோ வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. ஆங்கில எழுத்துகள் 26 மட்டுமே. ஒவ்வொருவரும் தம் கருவிக்கு ஏற்ற எழுத்தைத் தெரிந்தெடுத்தபோது, ஒரே எழுத்துக்குப் பல பொருள்கள் ஏற்பட்டது வியப்பன்று.

அவற்றைப் பின்னர் ஏன் திருத்தவில்லை என்று கேட்கலாம். ஒரு குறி வழக்கிற்கு வந்தபின், அதனை நம்பிப் பல்லாயிரம் கட்டளைத் தொகுப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. குறியின் பொருளை மாற்றினால் அவை அனைத்தும் பழுதாகும். பழுதானது உடனே தெரியாமலும் போகலாம். இக்காரணத்தால், பழைய குறிகளை விட்டுவைத்துப் புதியவற்றை ஒழுங்குபடுத்துவதே நடைமுறையாயிற்று.

1992-இல் வெளிவந்த பாஸிக்ஸ் தரத்தின் இரண்டாம் பகுதி கட்டளைகளின் அமைப்புக்குப் பொது விதிகளைக் கூறிற்று. குறிகள் சிறுகோட்டுடன் தொடங்கும் ஒற்றை எழுத்துகளாக இருத்தல் வேண்டும். மதிப்பு வேண்டாத குறிகளை ஒரே சிறுகோட்டின்பின் சேர்த்து எழுதலாம். தனியே நிற்கும் இரட்டைச் சிறுகோடு, குறிகள் முடிந்தன என்பதைக் காட்டும். இக்கடைசி விதி சிறியதாயினும் பயன் மிக்கது. ஒரு கோப்பின் பெயரே சிறுகோட்டுடன் தொடங்குமாயின், இரட்டைக் கோட்டை முன்னிட்டு எழுதினாலன்றிக் கருவி அதனைக் குறியென்றே மயங்கும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னு திட்டம் வேறொரு வழியையும் கண்டது. இரட்டைச் சிறுகோட்டுடன் முழுச்சொல்லையே குறியாக எழுதலாம் என்பது அது. எழுத்துகள் 26 எனினும் சொற்களுக்குக் குறைவில்லை. ஆகையால் ஒரே கருத்துக்கு எல்லாக் கருவிகளிலும் ஒரே சொல் இருத்தல் வேண்டும் என்று அத்திட்டத்தின் நெறிமுறை வற்புறுத்துகிறது. வழக்கிலுள்ள நீண்ட குறிகளின் பட்டியலையும் அது தருகிறது. 'ஹெல்ப்' என்னும் குறிக்குச் சுருக்கமான உதவியையும், 'வெர்ஷன்' என்னும் குறிக்குப் பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு கருவியும் அச்சிட வேண்டும் என்பதும் அந்நெறிமுறையே.

கையேட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டது. பெயர், கட்டளையின் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிழைச் செய்திகள், அறிந்த குறைகள் என்னும் தலைப்புகள் அதிலேயே ஒழுங்குபெற்றுவிட்டன. ஒரு பக்கத்தைப் படிக்கக் கற்றவர் எல்லாப் பக்கங்களையும் படிக்கவல்லவரானார். குறைகளுக்கென்றே ஒரு தலைப்பு ஒதுக்கியது சிறப்பாகப் பாராட்டத்தக்கது.

இன்று கருவித் தொகுதி ஒன்றுக்குக் கையேடு எழுதுவோர் கீழ்க்காணும் விதிகளைக் கொள்வது நன்று.

முதலாவது, வடிவத்தைக் காட்டும் அடையாளங்கள் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விட்டுவிடத்தக்க உறுப்பைச் சதுர அடைப்பிலும், திரும்ப வரத்தக்கதை மூன்று புள்ளிகளாலும், இரண்டில் ஒன்று என்பதை நெடுங்கோட்டாலும் காட்டுவது நிலைபெற்ற மரபு.

இரண்டாவது, ஒவ்வொரு குறிக்கும் ஒரே வகைச் செய்திகளை ஒரே முறையில் தருதல் வேண்டும். குறுகிய வடிவம், நீண்ட வடிவம், வேண்டிய மதிப்பு, குறி இடாதபோது கருவி செய்வது, ஒன்றுக்கொன்று முரணான இரு குறிகளை இட்டால் எது வெல்லும் என்பது ஆகிய இவ்வைந்தும் கூறப்படல் வேண்டும். குறி இடாத நிலையை எழுத மறப்பதே பெரும்பான்மையாக நிகழும் குறை.

மூன்றாவது, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே வழங்க வேண்டும். ஒரு பக்கத்தில் 'கோப்பு' என்றும், அடுத்த பக்கத்தில் 'உள்ளீடு' என்றும், மூன்றாவதில் 'மூலம்' என்றும் எழுதினால், இவை மூன்றும் வெவ்வேறு பொருள்களோ என்று படிப்பவர் ஐயுறுவார். இலக்கியத்தில் அழகாகும் சொல்மாற்றம் இங்குப் பிழையாகும்.

ஒருமுறை எழுதிப் பலவிடத்தில் வைத்தல்

விதிகள் இருந்தாலும், ஒரே செய்தியைப் பத்துப் பக்கங்களில் தனித்தனியே எழுதினால், நாளடைவில் அவை வேறுபடுவது திண்ணம். ஒரு பக்கம் திருத்தப்படும்; மற்றவை மறக்கப்படும். ஆகவே பொதுச்செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதுவதே தக்க வழி.

2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' என்னும் கருவித் தொகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிரல்களில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிந்துவைப்பது அதன் தொழில். வேறுபாடுகளைக் காட்டும் 'டிஃப்', வரலாற்றைக் காட்டும் 'லாக்', ஒரு பதிவைக் காட்டும் 'ஷோ' ஆகிய கட்டளைகளுக்குப் பொதுவான குறிகள் பல உண்டு. அவை ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கையேடு தயாராகும்போது அக்கட்டளைகளின் பக்கங்களில் தாமே வந்து சேர்கின்றன. க்னு திட்டத்தின் 'பின்யூட்டில்ஸ்' தொகுதியின் கையேட்டிலோ, எல்லாக் கருவிகளும் ஏற்கும் குறிகளுக்கென்று தனிப்பகுதியே உண்டு.

இதனினும் ஒருபடி மேலானது 'கிளாங்' என்னும் நிரல்பெயர்ப்பியின் முறை. அதன் குறிகளும் அவற்றின் விளக்கங்களும் ஓர் அட்டவணைக் கோப்பில் உள்ளன. குறிகளை ஏற்கும் நிரற்பகுதியும், திரையில் தோன்றும் உதவிச் செய்தியும், கையேட்டின் பட்டியலும் அந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. கருவி ஒன்று செய்யக் கையேடு வேறொன்று கூறும் நிலை இதனால் பெரிதும் குறைகிறது. ஆயினும் விளக்கத்தின் தரத்தை எந்த அட்டவணையும் தானே அளித்துவிடாது. அது எழுதுபவரின் பொறுப்பே.

வேற்றுமையை மறைத்தலாகாது

சீராக எழுதுதல் என்பது, வேறுபட்டவற்றை ஒன்றுபோலக் காட்டுவதன்று. மேற்கூறிய 'கிட்' தொகுதியிலேயே இதற்குச் சான்று உண்டு. மாற்றங்களைச் சேர்க்கும் 'ஆட்' என்னும் கட்டளையில் 'என்' என்னும் எழுத்து வெறும் ஒத்திகையைக் குறிக்கும். என்ன நேரும் என்று கருவி கூறுமேயன்றி எதையும் செய்யாது. மாற்றங்களை நிலையாகப் பதியும் 'கமிட்' கட்டளையிலோ, பதியுமுன் நடைபெற வேண்டிய சோதனைகளைத் தவிர்த்துவிடு என்று அதே எழுத்து பொருள்படும். ஒத்திகை பார்க்க எண்ணியவர், சோதனையுமின்றி உண்மையாகவே பதிந்துவிடுவார்.

இத்தகைய இடங்களில், 'வேறு கட்டளைகளில் இவ்வெழுத்தின் பொருள் வேறு' என்னும் ஒரு வரி, பல பக்க விளக்கத்தினும் மதிப்புடையது. குறைகளைக் கூறக் கூசாத முதற்கையேட்டின் பண்பு இங்கும் வேண்டப்படுகிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இச்செய்திகள் தொலைவிலுள்ள வல்லுநர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டில் ஸி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளம் லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. மேற்கூறிய 'ஸார்ட்', 'க்ரெப்', 'ஸெட்' முதலிய கருவிகள் அதிலும் உள்ளன. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கோப்புகளைத் தொகுக்கவும், மதிப்பெண்களைக் கூட்டவும், பதிவுகளைச் சரிபார்க்கவும் சிறு நிரல்களைப் பலர் எழுதிக்கொள்கின்றனர். எழுதியவர் மாற்றலாகிச் சென்றபின் அந்நிரல்கள் அடுத்து வருபவரின் கைக்கு வருகின்றன. குறிப்பு இல்லாத குறி, பெயர்ச்சீட்டு இல்லாத மருந்துப்புட்டிக்கு ஒப்பாகும்.

ஆதலால் அத்தகைய நிரல்களை வைத்திருப்போர், ஒரு தாளில் கருவிகளின் பெயர்களை மேலும், கருத்துகளைப் பக்கத்திலும் எழுதி ஓர் அட்டவணை வரைந்து பார்ப்பது பயன் தரும். ஒரே கருத்துக்கு இரு குறிகள் உள்ளனவா, ஒரே குறிக்கு இரு பொருள்கள் உள்ளனவா என்பது ஒரு பார்வையில் விளங்கும். பின்னர், ஒவ்வொரு கருவியும் திரையில் காட்டும் உதவிச் செய்தியைக் கையேட்டுடன் வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஆசிரியர்கள் மாணாக்கருக்கு இதனையே ஒரு பயிற்சியாக அளிக்கலாம். மூலக் கோப்பை மாற்றும் குறி எதுவாயினும், அதனை முதலில் ஒரு படியின்மீதே சோதிக்கும் பழக்கத்தையும் உடன் கற்பித்தல் நன்று.

குறிகளைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர். அவற்றைப் பயன்படுத்துபவர் பலர். எழுதுபவர் ஒரு மணி நேரம் செலவிட்டுச் சீராக எழுதிவைத்தால், அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சும். சிலருக்கு, பல ஆண்டுகள் சேர்த்த பதிவுகளும் மிஞ்சும்.