வாய் இழக்கும் கார்கள்



மோட்டார் காரை வாங்குகிறவர் இரும்பையும் ரப்பரையும் கண்ணாடியையும் வாங்குகிறார் என்றே நெடுங்காலம் நாம் எண்ணி வந்தோம். டயர் தேய்ந்தால் மாற்றுவோம். எஞ்சின் பழுதுபட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுசெல்வோம். உறுப்புகள் உழைக்கும் வரையில் காரும் உழைத்தது. இன்றோ, எந்த உறுப்பும் தேயாமல், எந்தக் கம்பியும் அறுபடாமல், காரின் ஒரு பகுதி மட்டும் முன்கூட்டி அறிவிக்கப்பட்ட ஒரு நாளில் செயலற்றுப் போகிறது. அந்த விந்தையின் காரணத்தையே இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 'ஆன்ஸ்டார்' என்னும் சேவையைத் தோற்றுவித்தது. 1997-ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் கார்களில் அது முதலில் இடம்பெற்றது. காருக்குள் ஒரு செல்பேசிக் கருவியும், செயற்கைக் கோள்களின் துணையால் கார் இருக்கும் இடத்தை அறியும் கருவியும் பொருத்தப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்து காற்றுப்பை விரிந்ததும், ஓட்டுபவர் கையை அசைக்க முடியாத நிலையில் இருந்தாலும், கார் தானாகவே உதவி நிலையத்தை அழைத்துவிடும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டவருக்கு நிலையத்தார் தொலைவிலிருந்தே கதவைத் திறந்துவிடுவார்கள். திருட்டுப் போன காரைத் தேடிப் பிடிக்கவும் அது உதவியது. இவற்றுக்காகக் காரின் உரிமையாளர் சந்தா செலுத்தி வந்தார். பின்னர் வேறு பல கம்பெனிகளும் இத்தகைய சேவைகளை அளிக்கத் தொடங்கின.

இச்சேவைகள் எல்லாவற்றிலும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. காரில் இருக்கும் கருவி செல்பேசிக் கோபுரத்தோடு பேச வேண்டும். அக்கோபுரமோ கார்க் கம்பெனிக்குச் சொந்தமானதன்று. வேறொரு தொலைபேசிக் கம்பெனியினுடையது. கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையே நடக்கும் உரையாடலுக்கு ஒரு மொழியும் உண்டு. அம்மொழி ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. அந்த மாற்றங்களையே தலைமுறைகள் என்கிறோம். அமெரிக்காவில் முதல் தலைமுறைச் சேவை 1983-இல் சிகாகோ நகரில் வணிக முறையில் தொடங்கியது. இரண்டாம் தலைமுறை 1991-இல் பின்லாந்திலும், மூன்றாம் தலைமுறை 2001-இல் ஜப்பானிலும், நான்காம் தலைமுறை 2009-இல் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ நகரங்களிலும் பிறந்தன. ஐந்தாம் தலைமுறை 2019-இல் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் பரவத் தொடங்கியது.

புதியது வந்தால் பழையதை ஏன் நிறுத்த வேண்டும், இரண்டும் அருகருகே இருக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வானொலி அலைகளுக்கு உரிய இடம் அளவுக்கு உட்பட்டது. நிலத்தைப் போல அதையும் பெருக்க முடியாது, பங்கிட்டுக்கொள்ளவே முடியும். அமெரிக்காவின் முதல் தலைமுறை முறையில் ஓர் உரையாடலுக்கு 30 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவழி தேவைப்பட்டது. பின்னர் வந்த டிஜிட்டல் முறை ஒன்றில் அதே அகலத்தில் மூன்று உரையாடல்கள் அடங்கின. பழைய முறையை வைத்திருப்பது, மூவர் விளையும் நிலத்தை ஒருவருக்கே விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். போதாததற்கு, பழைய கருவிகளைப் பராமரிக்கும் செலவும் உண்டு. ஆகவே அந்த அலைவரிசையை ஒழித்து, புதிய தலைமுறைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மீட்டர் கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்ட ரெயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பழைய எஞ்சினில் ஒரு பழுதும் இராது. ஆனால் அது ஓடுவதற்குத் தண்டவாளம் இராது. காரில் உள்ள பழைய கருவியின் நிலையும் இதுவே.

இது முதன்முதலாகப் பெரிய அளவில் நிகழ்ந்தது அமெரிக்காவில். முதல் தலைமுறைச் சேவையை 2008 பிப்ரவரி 18-க்குப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று அந்நாட்டுச் செய்தித் தொடர்பு ஆணையம் 2002-இல் முடிவு செய்தது. அதையொட்டி 2007-ஆம் ஆண்டின் இறுதியோடு ஆன்ஸ்டார் தன் பழைய முறைச் சேவையை முடித்துக்கொண்டது. சில கார்களில் டிஜிட்டல் கருவியை மாற்றிப் பொருத்த முடிந்தது. மற்றவற்றிலோ உதவி கேட்கும் பொத்தான் வெறும் அலங்காரமாக நின்றது.

அப்பாடத்தை எல்லாரும் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. நிசான் கம்பெனியின் 'லீப்' என்னும் மின்சாரக் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பாட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே அறியவும், புறப்படும் முன் காரைக் குளிரூட்டவும் அதில் வசதி இருந்தது. நான்காம் தலைமுறை பிறந்து ஓராண்டு ஆகியிருந்த அக்காலத்தில், அக்காருக்குள் இருந்ததோ இரண்டாம் தலைமுறைக் கருவி! அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. கம்பெனி தன் இரண்டாம் தலைமுறைச் சேவையை 2017 பிறக்கும்போது நிறுத்தப்போவதாக 2012-இலேயே அறிவித்தது. ஆயினும் 2015-ஆம் ஆண்டு மாதிரி வரையில் அதே கருவியே பொருத்தப்பட்டது. பிறகு கட்டணம் பெற்றுக்கொண்டு மூன்றாம் தலைமுறைக் கருவியைப் பொருத்திக் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 22-இல் ஏ.டி. அண்டு டி.யின் மூன்றாம் தலைமுறைச் சேவையும் மூடப்பட்டது. பணம் கொடுத்து மாற்றியவர்களின் கார்களும் ஐந்தே ஆண்டுகளில் மறுபடியும் வாய் இழந்தன. அதே ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டின் மற்றப் பெரிய கம்பெனிகளும் தங்கள் மூன்றாம் தலைமுறைச் சேவையை மூடின. பல கம்பெனிகளின் கார்கள் இதனால் பாதிக்கப்பட்டன.

இந்தச் சிக்கலின் வேர் இரண்டு ஆயுள்களின் வேறுபாட்டில் இருக்கிறது. கைபேசியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயதோ 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. காரை வடிவமைக்கவும் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆதலால் கார் கடைக்கு வரும்போதே அதனுள் இருக்கும் கருவி நடுவயதை எட்டியிருக்கும். அலைகளை அனுப்பும் சில்லு எந்தத் தலைமுறைக்கென்று செய்யப்பட்டதோ, அதற்கே பயன்படும். நான்காம் தலைமுறைச் சில்லு இருந்தும் பேச்சுக்கு மட்டும் மூன்றாம் தலைமுறையை நம்பியிருந்த சில கார்களை, மென்பொருளைத் தொலைவிலிருந்தே திருத்திக் காப்பாற்றினார்கள். சில்லே பழையதானால் கருவியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டிலிருந்தே காரைக் குளிரூட்ட முடியாமற் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் விபத்து நேரத்து அழைப்பு உயிரைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்களில் 'ஈ-கால்' என்னும் கருவியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. மோதல் நிகழ்ந்தால் அது 112 என்னும் எண்ணை அழைத்து, கார் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் தெரிவிக்கும். அக்கருவி இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பேச்சு வழியை நம்பிச் செய்யப்பட்டது. அவ்வழிகள் ஐரோப்பாவிலும் ஒவ்வொரு நாடாக மூடப்பட்டு வருகின்றன. புதிய தலைமுறைகளுக்கு ஏற்ற கருவி வேண்டுமென்னும் விதி 2026 முதல் புதிய வகைக் கார்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் முன்பே விற்கப்பட்ட கார்களின் கருவியை அந்த விதி மாற்றாது. சட்டமே கட்டாயமாக்கிய ஒரு பாதுகாப்பு, காருக்கு முன்னால் முதுமை அடைந்துவிடுகிறது.

இதற்காக முன்னேற்றத்தைப் பழிப்பது முறையன்று. அலைகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதால்தான் எத்தனையோ கோடி மக்கள் கைபேசியில் பேச முடிகிறது. ஆனால் மாற்றத்தின் நன்மை ஒருவருக்கும், அதன் செலவு வேறொருவருக்கும் போய்ச் சேரும்போது நாம் சிந்திக்க வேண்டும். அலைவரிசையை மீட்ட தொலைபேசிக் கம்பெனி பயனடைந்தது. காரை விற்ற கம்பெனி விலையைப் பெற்றுவிட்டது. பழைய காரை வைத்திருப்பவரே இழந்தார். பழைய காரை வைத்திருப்பவர் பெரும்பாலும் புதியதை வாங்க வசதியில்லாதவராகவே இருப்பார்.

உங்களில் சிலர் நாளை பொறியியல் வல்லுநர்கள் ஆவீர்கள். பேசும் கருவியைக் காரின் உடலோடு பிணைத்துவிடாமல், பாட்டரியைப் போல எளிதில் கழற்றி மாற்றும் வண்ணம் அமையுங்கள். நெடுநாள் உழைக்கும் பொருளுக்குள் குறுநாள் உழைக்கும் பொருளை வைப்பவர்க்கு, அதை மாற்றும் வழியையும் சேர்த்து வைக்கும் கடமை உண்டு. உங்களில் எல்லாரும் ஏதேனும் ஒரு பொருளை வாங்குகிறவர்கள் ஆவீர்கள். சந்தாச் சேவையோடு ஒரு பொருளை விற்பவரிடம், எத்தனை ஆண்டுகளுக்கு இச்சேவைக்கு உறுதி தருகிறீர்கள், அது நின்றபின் இப்பொருளில் எவை தொடர்ந்து இயங்கும், கருவியை மாற்ற வேண்டிவந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். இக்கேள்விகள் காருக்கு மட்டுமல்ல, மின்சார மீட்டருக்கும், வீட்டுக் காவல் மணிக்கும், நோயாளியின் உடல்நிலையைத் தொலைவிலிருக்கும் மருத்துவருக்கு அறிவிக்கும் கருவிக்கும் பொருந்தும்.