வேட்டை நாய் வீட்டு நாயாகுமா?

ஞாயிறு பூசை முடிந்து சாந்தோம் பேராலய வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மந்தைவெளியில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் நண்பர் நம்மை அணுகினார். "பிள்ளைகள் மூவரும் நாய் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அதுவும் ஒல்லியாய், நீண்ட கால்களுடன் பாய்ந்தோடுமே, அந்தக் கிரேஹவுண்டுதான் வேண்டுமாம். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். இக்கேள்வி பல இல்லங்களிலும் எழுவதே. ஆதலால் அவருக்குச் சொன்னதைப் பிற பெற்றோருக்கும் எழுதுகிறோம்.

கிரேஹவுண்டு, மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். ஆயினும் அப்பாய்ச்சல் சிறிது நேரமே. மற்றப் பொழுதெல்லாம் மூலையில் சுருண்டு உறங்கும். அதிகம் குரைப்பதில்லை. ஆகவே வீட்டுக்குக் காவல் தேடுவோருக்கு இது ஏற்றதன்று. அமைதியான துணையை நாடுவோருக்கோ, வீடு சிறியது என்பது மட்டுமே தடையாகிவிடாது.

தடை வேறிடத்தில் உள்ளது. இதன் தோல் மெல்லியது, ரோமம் குட்டையானது, உடலில் கொழுப்பு மிகக் குறைவு. சென்னையின் மே மாத வெயில் இதற்குக் கொடிது. இதை விரும்புவோர் நம் மண்ணின் இனங்களையும் எண்ணிப் பார்க்கலாம். தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையும் கன்னியும் இதே வார்ப்பு உடையவை; நம் வெயிலுக்குப் பழகியவை. கர்நாடகத்தின் முதோள் நாயும் அத்தகையதே. முதோளையும் நமது இராஜபாளையத்தையும் 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலையில் பொறித்துச் சிறப்பித்தது. எனினும் நாட்டினங்கள் அந்நியரிடம் எளிதில் ஒட்டா. குட்டிப் பருவத்திலேயே மனிதரோடும் தெருவின் சந்தடியோடும் பழக்குதல் அவசியம்.

எந்த வேட்டை நாயாயினும், ஓடுகின்ற பொருளைக் கண்டால் எசமானின் குரல் அதன் காதில் ஏறாது. இதை நாம் துயரத்தோடு அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவினர் இல்லத்தில் சிப்பிப்பாறை ஒன்று வளர்ந்தது. ஒருநாள் பால்காரருக்குக் கதவைத் திறந்த கணத்தில், படிக்கட்டில் ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தது. பெயர் சொல்லிக் கூவியும் திரும்பவில்லை. பெருஞ்சாலையில் பேருந்தின் அடியில் அதன் ஓட்டம் முடிந்தது. அவ்வீட்டுச் சிறுமி இன்றும் அவ்விடத்தைக் கடக்கையில் மௌனமாகிவிடுவாள். குற்றம் நாயினுடையதன்று; கதவைக் காக்க மறந்த பெரியவர்களுடையது.

ஆகவே நாயைத் தெரிவு செய்யுமுன் நம் வாழ்க்கையைச் சற்று ஆராய்வோம். தியாகராய நகரின் நெரிசலில் இதனை அவிழ்த்துவிட இயலுமா? வெயில் ஏறுமுன் அடையாறிலிருந்து பெசன்ட் நகர்க் கடற்கரைவரை, கயிற்றைக் கைவிடாமல் நாள்தோறும் அழைத்துச் செல்பவர் யார்? பெற்றோர் இருவரும் அலுவலகம் சென்றால் பகலெல்லாம் அதற்குத் துணை எவர்? தீபாவளி வெடிச் சத்தத்தில் அதனை அணைத்து அமர்ந்திருப்பவர் யார்? மாநகராட்சி உரிமமும், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவறலாகாது. கிரேஹவுண்டுக்குச் சிலவகை மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரம் பிடிக்கும். அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் மருத்துவரிடம் அதன் இனத்தைச் சொல்ல மறவாதீர்கள்.

நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று எட்டு வயதுப் பிள்ளை கேட்கும் நாய், அப்பிள்ளை கல்லூரி செல்லும்போதும் வீட்டில் இருக்கும். இனப் பெருமை வேண்டாம், அன்பே போதும் என்போர், 1959-இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற இல்லங்களில் காத்திருக்கும் தெருக் குட்டிகளையும் பார்க்கலாம்.

நண்பரிடம் ஒரு பரீட்சை சொன்னோம்: "ஒரு மாதம், நாய் இல்லாமலேயே, அதிகாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்." முதல் வாரம் மூவரும் எழுந்தார்களாம். இப்போது கடைக்குட்டி மட்டுமே தந்தையின் கைபிடித்து நடக்கிறாள். அந்த வீட்டுக்கு நாய் வரலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.