டெப்லானில் தீ பிடிக்காது... ஆனால் புகை ஆளை சாய்க்கும்! லேத் பட்டறை, காயலான் கடை தொழிலாளர்கள் உஷார்

தாம்பரம்,

பிளம்பர் பையை திறந்தால் முதலில் கையில் சிக்குவது சின்ன வெள்ளை டேப். குழாய் மரையில் நாலு சுற்று சுற்றி முறுக்கினால் சொட்டு தண்ணீர் கசியாது. அதுதான் டெப்லான். வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லின் மேல் பூச்சும் அதே சரக்குதான். சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியத்தை 2011 உலக கோப்பைக்காக புதுப்பித்தபோது போட்ட வெள்ளை கூரையிலும் இதுதான் இருக்கிறது.

ரெயில்வேயும் இதை விடவில்லை. மின்சார ரெயில் ஓடும் 25 ஆயிரம் வோல்ட் கம்பியில், ஒரு சப்ளையையும் அடுத்த சப்ளையையும் பிரிக்கும் இடம் உண்டு. அங்கே டெப்லான் உறை போட்ட இன்சுலேட்டர்களை இந்திய ரெயில்வே பயன்படுத்துகிறது. பொறி பறந்தாலும் கருகாது, வழுக்கிக்கொண்டு போகும் என்பதுதான் காரணம்.

"டெப்லானா? அது தீயே பிடிக்காது சார்" என்பது பட்டறைகளில் சகஜமாக கேட்கும் பேச்சு. பேச்சு என்னவோ உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

சிலிண்டருக்குள் கிடைத்த பவுடர்

1938-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது விஞ்ஞானி, பிரிட்ஜில் நிரப்பும் வாயு பற்றி ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார். ஒரு சிலிண்டரை திறந்தார். வாயு வரவில்லை. எடை போட்டு பார்த்தால் எடை மட்டும் குறையவில்லை. சிலிண்டரையே ரம்பத்தால் அறுத்து பார்த்தபோது, உள்ளே வழுவழுப்பான வெள்ளை பவுடர் இருந்தது. வாயு தானாகவே பிளாஸ்டிக்காக மாறி இருந்தது. அதன் ரசாயன பெயர் சுருக்கமாக பி.டி.எப்.இ. 'டெப்லான்' என்பது பிறகு கம்பெனி வைத்த பெயர்.

ஏன் எரிவதில்லை?

சாதாரண பிளாஸ்டிக்கில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. மண்எண்ணெயிலும் இருப்பது அந்த இரண்டும்தான். அதனால்தான் பால் கவரில் தீ வைத்தால் ஒழுகி ஒழுகி எரிகிறது. டெப்லானில் ஹைட்ரஜனே கிடையாது. அந்த இடத்தில் எல்லாம் புளோரின் உட்கார்ந்திருக்கிறது. கார்பனை சுற்றி கவசம் போட்ட மாதிரி. அந்த பிடியை உடைத்து உள்ளே நுழைவது தீக்கு லேசான காரியம் அல்ல.

இதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பொருளை பற்ற வைத்தால் அது அணையாமல் எரிய, சுற்றி எத்தனை சதவீதம் ஆக்சிஜன் தேவை என்று பார்ப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 சதவீதம். பால் கவர் வகை பிளாஸ்டிக்குக்கு 17, 18 சதவீதமே போதும். டெப்லானுக்கோ 95 சதவீதம் வேண்டும். அதாவது சாதாரண காற்றில் அது தானாக எரியவே முடியாது.

புளோரின் கலந்த பிளாஸ்டிக் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்து விடக்கூடாது. கெமிக்கல் பைப்புகளுக்கு போடும் பி.வி.டி.எப். என்ற வகை சுமார் 170 டிகிரியிலேயே உருகி விடும். டெப்லான் 260 டிகிரி வரை நாள் கணக்கில் தாங்கும். 327 டிகிரியில்தான் இளகும்.

விண்வெளியில் எரிந்த டெப்லான்

அப்படியானால் டெப்லான் எரிந்ததே இல்லையா? எரிந்திருக்கிறது. அதுவும் பூமிக்கு வெளியே. 1970-ம் ஆண்டு ஏப்ரலில் நிலவுக்கு கிளம்பிய அப்பல்லோ-13 விண்கலத்தில் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. டேங்குக்குள் இருந்த ஒயர்களுக்கு டெப்லான் உறைதான் போட்டிருந்தார்கள். தரையில் நடந்த சோதனையின்போது சூடு அளவுக்கு மீறிப்போய் அந்த உறை கெட்டு விட்டது. வானத்தில் போய் சுவிட்சை போட்டதும் ஷார்ட் சர்க்யூட். சுற்றிலும் சுத்தமான ஆக்சிஜன். டெப்லானே பற்றிக்கொண்டது. 3 வீரர்களும் மயிரிழையில் தப்பி பூமிக்கு திரும்பியது தனிக்கதை.

ஆனால் தாம்பரத்திலும் பெருங்குடியிலும் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது இந்த தீயை பார்த்து அல்ல.

தீ இல்லை, புகை உண்டு

டெப்லான் எரியாமல் இருக்கலாம். அதிகமாக சூடானால் சிதையும். 350 டிகிரியை தாண்டினால் கண்ணுக்கு தெரியாத நுண்துகள் கிளம்ப ஆரம்பிக்கும். 400 டிகிரிக்கு மேல் போனால் விஷ வாயுக்கள் வரும். அதில் ஒன்றான ஹைட்ரஜன் புளோரைடு, ஈரத்தோடு சேர்ந்தால் கண்ணாடியையே அரிக்கும் ஆசிட் ஆகும். நுரையீரலில் ஈரத்துக்கா பஞ்சம்?

டயர் எரிந்தால் கறுப்பாக புகை வரும், ஜனங்கள் ஓடி விடுவார்கள். டெப்லான் சூடானால் அந்த மாதிரி கறும்புகை வருவதில்லை. அதனால் யாரும் ஓடுவதும் இல்லை.

வெறும் நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு போனில் பேச போய்விட்டால், சில நிமிடங்களிலேயே 260 டிகிரியை தாண்டி விடும். மனிதனுக்கு முன்னால் இதில் பலியாவது கூண்டு பறவைகள். அவற்றின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்து சமையல்கட்டு ஓரமாக கூண்டை மாட்டுபவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

பீடி குடித்தால் காய்ச்சல்

விஷயத்தின் முக்கியமான இடம் இதுதான். டெப்லான் கம்பியை லேத்தில் போட்டு புஷ், வாஷர், வால்வு சீட் கடையும்போது வெள்ளை சுருளும் தூளும் பறக்கும். கோலமாவு மாதிரி கையில், சட்டையில் எல்லாம் ஒட்டும். அந்த தூள் தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது. டீ டைமில் கை கழுவாமல் பீடி எடுத்து பற்ற வைத்தால்தான் வினை. விரலில் இருந்த தூள் பீடியில் ஒட்டும். பீடி, சிகரெட் கங்கின் சூடு 700, 800 டிகிரியை தாண்டும். ஒரு இழுப்பில் அந்த புகை நேராக நெஞ்சுக்குள் இறங்கி விடும்.

அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு போன பிறகு குளிர் நடுக்கும். காய்ச்சல், இருமல், நெஞ்சை பிடித்த மாதிரி ஒரு இறுக்கம், தலைவலி. ஒன்று, இரண்டு நாளில் தானாக சரியாகி விடும். அதனால் 'வைரல் காய்ச்சல்' என்று ஒரு மாத்திரை போட்டுவிட்டு அடுத்த நாள் அதே லேத்தில் நிற்பார்கள். இங்கிலாந்தில் 1951-லேயே 'லான்செட்' மருத்துவ பத்திரிகையில் இதை பற்றி எழுதி விட்டார்கள். 'பாலிமர் ப்யூம் பீவர்' என்று பெயர். புகை அதிகமாக போனால் நுரையீரலில் நீர் கோர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

டெப்லான் பவுடரை அச்சில் அழுத்தி சுமார் 370 டிகிரி சூளையில் சுட்டு எடுக்கும் இடங்களில், சூளைக்கு மேல் எக்சாஸ்ட் ஓடியே ஆக வேண்டும். பேனை நிறுத்தி கரண்ட் மிச்சம் பிடிப்பது வேண்டாத வேலை.

தாமிரத்துக்காக ஒயரை எரித்தால்...

ஓவன், ஹீட்டர் மாதிரி சூடு அதிகமுள்ள மெஷின்களின் உள்ளே டெப்லான் ஒயர்தான் ஓடும். இது காயலான் கடைக்கு வரும்போது, மற்ற ஒயர்களோடு சேர்த்து குவித்து தீ வைத்து தாமிரம் எடுக்கும் பழக்கம் உண்டு. சுற்றி இருக்கும் பி.வி.சி. எரிகிற சூட்டிலேயே டெப்லானும் சிதையும். திறந்தவெளியில் பிளாஸ்டிக் கழிவை எரிப்பதற்கு 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே தடை விதிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பெருங்குடி குப்பை கிடங்கு 2022 ஏப்ரலில் நாள் கணக்கில் புகைந்தபோது சுற்றுவட்டார மக்கள் மூச்சுவிட பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஒயரை பிளேடால் சீவி எடுத்தால் நேரம் ஆகும், ஆனால் நெஞ்சு கெடாது.

எந்த கேபிள் நல்லது என்பதில் உலக நாடுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் ஆபீஸ் கட்டிடங்களின் பால்ஸ் சீலிங்கிற்குள் புளோரின் பிளாஸ்டிக் கேபிளை விரும்பி போடுகிறார்கள். தீ ஒரு அறையில் இருந்து அடுத்த அறைக்கு ஓடாது என்பது அவர்கள் வாதம். ஐரோப்பாவில், புளோரினோ குளோரினோ கலக்காத, ஆசிட் புகை வராத கேபிளே மேல் என்கிறார்கள். ஜனங்கள் ஓடி தப்பிக்க வழி குறைவாக உள்ள சுரங்க ரெயில் நிலையங்களுக்கு அதுதான் பொருத்தம்.

பட்டறையில் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. டெப்லான் கடையும் இடத்துக்கு பீடி, சிகரெட் பாக்கெட்டை கொண்டு போகக்கூடாது. டீக்கு முன் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். மழுங்கிய டூலை போட்டு ஓட்டினால் சூடேறும், மாற்றி விட வேண்டும். சீவலை பெருக்கி தனி மூட்டையில் கட்ட வேண்டும், தீயில் கொட்டக்கூடாது. தீ விபத்து என்றால் கிட்டே போய் வேடிக்கை பார்க்காமல் 101-க்கு போன் போட வேண்டும். தீயணைப்பு வீரர்களே முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

வேலை முடிந்த இரவு குளிர் காய்ச்சல் வந்தால், இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், "டெப்லான் வேலை பார்த்தேன், நடுவில் பீடி குடித்தேன்" என்பதையும் சேர்த்து சொல்ல வேண்டும். மூச்சு திணறினால் விடியும் வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ கூப்பிட வேண்டும்.