குறுகிய ஓட்டத்துக்கு டீசல் எஸ்டேட் வேண்டாம்

பிரிட்டனின் பழைய கார்ச் சந்தையில் பத்து வயதான டீசல் எஸ்டேட் ஒன்றின் விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மெர்சிடிஸ் ஈ-கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 டூரிங், ஆடி ஏ6 அவாண்ட், ஸ்கோடா ஆக்டேவியா என்று புதிதில் பெரும் பணத்துக்கு விற்ற கார்கள் இன்று அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. பின்கதவைத் திறந்தால் ஒரு சின்ன அறை அளவுக்கு இடம். அரிசி மூட்டையும் ஏறும், கலியாண வீட்டுச் சாமானும் ஏறும், பிள்ளைகளின் சைக்கிளும் ஏறும். ஆட்டோமேட்டிக் என்பதால் லண்டன் நெரிசலில் இடதுகால் வலிக்காது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குரோய்டனிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்படிப்பட்ட காரைத் தேடுவதில் வியப்பில்லை.

விலை இறங்கியதற்குக் காரணங்கள் உண்டு. 2001 மார்ச்சில் பிரிட்டன் கார் வரியைக் கரியமில வாயு அளவோடு இணைத்தது. டீசல் கார்களுக்கு வரி குறைந்தது, மக்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 2010-களின் தொடக்கத்தில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ பாதி டீசல். 2015 செப்டம்பர் 18 அன்று ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்திருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளிப்படுத்தியது. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் சிக்கின. அதன்பின் நகரங்கள் பழைய டீசலுக்கு ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ஆகவே இன்று மலிவாக நிற்கும் காரைப் பார்க்கும்போது, உரிமையாளர் அதை ஏன் விற்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். பல நேரம் விடை, அவர் தள்ளிப்போட்ட ஒரு செலவுதான்.

இந்தக் கார்கள் மோசமாகச் செய்யப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு ஐம்பது அறுபது மைல் மோட்டார்வேயில் ஓடுபவருக்கு இதைவிட நல்ல வாகனம் குறைவு. ஆனால் பள்ளிக்கூடம், கடை, கோயில், ரயில் நிலையம் என்று இரண்டு மூன்று மைலுக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இதை வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே அது தன்னைத்தானே அடைத்துக்கொள்ளத் தொடங்கும்.

டீசல் எரியும்போது கரித்துகள் உண்டாகிறது. 2011 ஜனவரிக்குள் ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான யூரோ 5 விதி, அந்தத் துகளைக் கிலோமீட்டருக்கு 0.005 கிராமுக்குள் குறுக்கியது. டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி இல்லாமல் அந்த அளவை எட்டுவது நடைமுறையில் முடியாது. புகைப்பாதையில் இருக்கும் அந்த வடிகட்டி கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறைந்ததும் அதை எரித்து வெளியேற்ற வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. வேகமான சாலையில் நெடுந்தூரம் போனால் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். போகாவிட்டால் எஞ்சினின் கணினி வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் டீசலைப் பீச்சிப் புகைப்பாதையைச் சூடேற்றும். இந்த வேலை முடியப் பத்து, பதினைந்து நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும். இரண்டு மைல் ஓட்டத்தில் எஞ்சினே சரியாகச் சூடாவதில்லை.

தொடங்கிய எரிப்பு பாதியில் நின்றால் கேடு இரண்டு. கரி அப்படியே தங்குவது ஒன்று. கூடுதலாகப் பீச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலப்பது மற்றொன்று. டிப்ஸ்டிக் உள்ள காரில் இதை நீங்களே பார்க்கலாம்: ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். டீசல் கலந்து நீர்த்த ஆயில் டர்போவையும் டைமிங் செயினையும் தேய்க்கும். காரை நிறுத்திச் சாவியை எடுத்த பின்பும் விசிறி பெரிய சத்தத்தோடு ஓடுகிறதா? நின்ற இடத்தில் எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுழல்கிறதா? எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அவை அடையாளங்கள். ஓரிரு நாள் நடந்தால் இயல்பு. ஒவ்வொரு நாளும் நடந்தால் வடிகட்டி நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் உலோக உப்புகள் சாம்பலாகி வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்குகின்றன. அதனால்தான் இந்த எஞ்சின்களுக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் விதித்திருக்கிறார்கள். மெர்சிடிஸுக்கு 229.51, ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு 507 00, பி.எம்.டபிள்யூ.வுக்கு லாங்லைஃப்-04. பழைய சர்வீஸ் ரசீதில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் '5டபிள்யூ-30' என்று மட்டும் இருந்தால் என்ன ஊற்றினார்கள் என்பது தெரியாது. புதிய வடிகட்டி ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகும். கராஜ் தரும் வாரண்டிகளில் பல, ஓட்டும் முறையால் வந்த அடைப்பு என்று சொல்லி இதை ஏற்பதில்லை.

செலவுக்கு அஞ்சிச் சிலர் வடிகட்டியின் உள்ளீட்டைத் தோண்டி எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மறுபடி பற்றவைக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாதபடி கணினியையும் மாற்றிவிடுகிறார்கள். இப்படி ஒரு காரை யாராவது உங்களுக்கு விற்றால், சட்டத்தின் முன் அதை ஓட்டுபவர் நீங்கள்தான். கார் ஒன்றுக்கு 1,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. 2014 பிப்ரவரி முதல் எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனையில் வடிகட்டி இல்லையென்றால் தோல்வி. 2018 மே 20 முதல், வடிகட்டி பொருத்திய காரின் புகைக்குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற புகை வந்தாலே தோல்வி. ஆனாலும் உள்ளே குடைந்த கூட்டைப் புகைமானி எப்போதும் பிடித்துவிடாது. அதைப் பிடிக்கக்கூடிய, துகள்களை எண்ணும் கருவியை நெதர்லாந்து 2023 ஜனவரியிலும் ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையிலும் தங்கள் சோதனைகளில் கட்டாயமாக்கின. வாங்குபவர் செய்யக்கூடியது எளிது: குளிர்ந்த புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும் காரில் துணி கறுப்பாகாது.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தென்கிழக்கு லண்டனில் சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். வடிகட்டியைப் பிடுங்கிய கார் பள்ளி வாசலில் நிற்கும்போது யார் மூச்சுக்குள் அந்தக் கரி போகிறது என்பதை விற்பவரும் வாங்குபவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது யூலெஸ், அதாவது மாசு அதிகம் வெளியிடும் வண்டிகளுக்கு லண்டன் வாங்கும் நாள் கட்டணம். 2019-இல் மத்திய லண்டனில் தொடங்கிய இந்தக் கட்டணம் 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு சர்க்குலர் சாலைகள் வரை விரிந்தது. ஈஸ்ட் ஹாம் அப்போதே உள்ளே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ, வெம்பிளி, குரோய்டன் உட்பட லண்டனின் எல்லாப் பகுதிகளும் அதற்குள். யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். ஆண்டில் 250 நாள் வெளியே எடுத்தால் 3,125 பவுண்ட். மூன்றாண்டுக் கட்டணம் பல பழைய எஸ்டேட்டுகளின் விலையைத் தாண்டிவிடும். யூரோ 6 எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2015 செப்டம்பரில். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் குழப்பமானவை: ஒரே மாடலில், ஒரே தோற்றத்தில், ஒரு கார் யூரோ 5, அடுத்த கார் யூரோ 6. விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல் லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணை நீங்களே இட்டுப் பாருங்கள். பர்மிங்காமில் நாளுக்கு 8 பவுண்ட், பிரிஸ்டலில் 9. கிளாஸ்கோவில் கட்டணம் கட்டி நுழைய வழியே இல்லை, நேரே அபராதம்தான்.

யூரோ 6 வாங்கினால் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசல் பெரும்பாலான பெரிய கார்களில் கூடவே வரும். அது தீர்ந்த பின் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. அதன் தொட்டி, பம்ப், உணரி ஆகியவை கெட்டாலும் அதே கதி. டாஷ்போர்டில் அந்த எச்சரிக்கை இருக்கிற காரை, 'ஊற்றினால் சரியாகிவிடும்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே தவறான நம்பிக்கை ஒன்று வேரோடியிருக்கிறது. பல கார் நிறுவனங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ள ஆயில் 'ஆயுள் முழுக்கப் போதும்' என்று சொல்லி விற்றன. பி.எம்.டபிள்யூ.வின் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன். அந்தக் கியர்பாக்ஸ்களில் பலவற்றில் ஆயில் தட்டும் வடிகட்டியும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, அதையே மாற்ற வேண்டும். ஆயில் அளவையும் குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். தெருவோர வேலையாகச் செய்தால் கெடும்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டி.எஸ்.ஜி. வேறு வகை. இரண்டு கிளச்சுகளைக் கணினி இயக்குகிறது. 2.0 லிட்டர் டீசலோடு பெரும்பாலும் வரும் ஆறு கியர் பெட்டியில் கிளச்சுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும். அதற்கு 40,000 மைலுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். 80,000 மைல் ஓடிய காரில் இரண்டு ரசீதுகள் இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடலாம். 1.6 டீசல் போன்ற சிறிய எஞ்சின்களோடு வந்த ஏழு கியர் பெட்டி உலர் கிளச் கொண்டது. அதில் வந்த கோளாறுகளால் 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட அது ஏற்றதில்லை, லண்டனிலோ ஊர்தல்தான் அதிகம்.

எஞ்சின்களில் பி.எம்.டபிள்யூ.வின் என்47 பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2007 முதல் 2011 வரை வந்தவற்றில் டைமிங் செயின் தேய்ந்து அறுந்த வழக்குகள் ஏராளம். செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் கையெட்டாது, எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்ற வேண்டும். கிளப்பும்போது எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து உலோகம் உரசும் ஒலி கேட்டால் பேரம் பேச வேண்டாம், நடையைக் கட்டுங்கள். மெர்சிடிஸின் மூன்று லிட்டர் வி6 டீசலில் ஆயில் கூலரின் சீல்கள் கசியும். சீல் மலிவு, ஆனால் அது எஞ்சினின் நடுப்பள்ளத்தில் இருப்பதால் கூலி ஏறும்.

எஸ்டேட்டுக்கென்று தனி நோயும் உண்டு. ஈ-கிளாஸ், 5 டூரிங் எஸ்டேட்டுகளின் பின்பகுதியைத் தாங்குவது காற்றுப் பைகள். ஓர் இரவு நிறுத்தி வைத்த பின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பை கசிகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் கம்ப்ரசரும் ஓடி ஓடிக் கருகும்.

இவற்றில் பாதியை வண்டியைத் தொடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அரசுத் தளத்தில் வண்டி எண்ணை இட்டால் எம்.ஓ.டி. வரலாறு இலவசமாக வரும், ஒவ்வொரு சோதனையிலும் பதிந்த மைலோடு. மைல் பின்னோக்கிப் போயிருக்கிறதா என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஓடியது என்று பார்ப்பவர் குறைவு. முதல் ஐந்தாண்டு ஆண்டுக்கு 15,000 மைல் ஓடிய கார் கடைசி மூன்றாண்டு ஆண்டுக்கு 2,000 மைல் மட்டும் ஓடியிருந்தால், அது மோட்டார்வேயிலிருந்து தெருமுனைக்கு வந்துவிட்டது என்று பொருள். வடிகட்டி அடைத்தது அந்தக் கடைசி மூன்றாண்டில்தான். பத்து வருடத்தில் 50,000 மைல் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கும். கணக்குப் போட்டால் நாளுக்கு 14 மைல் கூட இல்லை. 1,20,000 மைல் ஓடி, எல்லா ரசீதும் உள்ள காரை நான் அதற்கு முன் தேர்ந்தெடுப்பேன்.

பார்க்கப் போகும்போது எஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லலாம். குளிரில் ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடிக்கு மேல் தயங்கினாலோ, இடித்துக்கொண்டு பிடித்தாலோ கியர்பாக்ஸ் பேசுகிறது. 40, 50 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துப் போகும்போது கரடுமுரடான தார்ச்சாலையில் ஓடுவதுபோல நடுங்கினால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு தேய்ந்திருக்கலாம்.

நம்மிடையே கார் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான் கைமாறுகிறது. அண்ணன் சொன்னார், மாமாவின் கூட்டாளி விற்கிறார் என்ற நம்பிக்கையில் ரசீது கேட்கவே கூச்சப்படுகிறோம். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகரிடம் வாங்கியவருக்குப் பழுதான காரை 30 நாளுக்குள் திருப்பித் தர உரிமை தருகிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை விற்கும்போது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் வணிகர்மேல் இருக்கிறது. தனியாரிடம் வாங்கினால், அவர் சொன்னதற்கு மாறாகக் கார் இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆகவே தெரிந்தவரிடம்தான் அதிகமாகக் கேட்க வேண்டும், எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் பல நாள் அரைமணி நேரமாவது வேகமான சாலையில் ஓடாத வீட்டுக்குப் பெட்ரோல் எஸ்டேட் போதும். யூலெஸ் பெட்ரோலுக்குக் கேட்பது யூரோ 4 மட்டும், 2006 முதல் வந்த கார்கள் பெரும்பாலும் அதில் அடங்கும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் டொயோட்டா 2013 முதல் விற்ற ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைப்ரிட்டைப் பாருங்கள். துகள் வடிகட்டியும் ஆட்ப்ளூவும் அதில் கிடையாது, தேய்கிற கிளச்சும் இல்லை. பின்பக்க இடம் ஈ-கிளாஸைவிடக் குறைவு. ஆனால் இரண்டு மைல் ஓட்டத்தை அது தினமும் தாங்கும்.