‘விசாரணைக்கு’ என்று அழைத்துச் சென்றால், அன்று இரவே எழுதுங்கள்

“சும்மா விசாரணைக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்க, காலையில விட்டுடுவாங்க” என்ற நம்பிக்கையில் குடும்பம் முதல் இரவைக் கடத்துகிறது. மறுநாள் உள்ளூர்க் கட்சிக்காரரைப் பிடிக்கிறார்கள். “எஸ்.ஐ. கிட்ட பேசிட்டேன், கவலைப்படாதீங்க” என்கிறார் அவர். மூன்றாம் நாள் பையன் கையில் மாவுக்கட்டோடு ரிமாண்ட் ஆகிறான். கழிப்பறையில் வழுக்கி விழுந்தான் என்று காவல் நிலையம் சொல்கிறது. அதன் பிறகுதான் மனித உரிமை அமைப்புகளைத் தேடி வருகிறார்கள், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம், மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகளும், மனித உரிமை ஆணையமும், உயர் நீதிமன்றமும் உங்களுக்காக நகர வேண்டுமானால் அவற்றின் கையில் தேதியும் நேரமும் போட்ட ஓர் எழுத்து இருக்க வேண்டும். எழுத்தின் வலிமைக்கு ஒரு சான்று போதும். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் பொறுப்பில் இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணச் செய்திகளைச் சுட்டிக்காட்டி 1986இல் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு, 1996 டிசம்பரில் கைது தொடர்பாக 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றில் முக்கியமானவை பின்னர் சட்டத்துக்குள்ளேயே ஏறின.

சட்டம் இன்று சொல்வது தெளிவானது. காவல் நிலையத்திலிருந்து “ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று போனில் சொல்வது அழைப்பாணை ஆகாது. சாட்சியாக அழைப்பதென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில், கைது செய்யாமல் அழைப்பதென்றால் 35ஆம் பிரிவின்படி நோட்டீஸ் வர வேண்டும். வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருந்தால் கைது செய்ய நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

கைது என்றால், 36ஆம் பிரிவின்படி கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். அதில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். திங்கள் இரவு பிடித்துவிட்டு, புதன் காலையில் பிடித்ததாக எழுதுவது பழைய பழக்கம். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் ஆஜர்படுத்த வேண்டும் என்ற அரசியல் சாசனத்தின் 22ஆம் உறுப்பை இப்படித்தான் ஓசையில்லாமல் தின்கிறார்கள். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் கேளுங்கள்.

அந்தத் திங்கள் இரவை நிரூபிப்பது எப்படி? முன்பெல்லாம் வழக்கறிஞர்கள் “முதல்ல தந்தி அடி” என்பார்கள். தந்தியில் நேரம் பதிவாகும். 2013இல் தந்தி சேவை நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்யும். அழைத்துச் சென்ற அன்று இரவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் (மாநகரம் என்றால் ஆணையருக்கு), மாநில மனித உரிமை ஆணையத்துக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். காலையில் தபால் நிலையம் திறந்ததும் அதையே விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். எல்லை நீதித்துறை நடுவருக்கும் ஒரு பிரதி போகட்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள். கதை எழுத வேண்டாம். பெயர், வயது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர் வந்தார்கள், வண்டி எண், உடுத்தியிருந்த உடை, சாப்பிடும் மருந்து ஆகியவை போதும். “அழைத்துச் செல்லும்போது உடலில் காயம் எதுவும் இல்லை” என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாவுக்கட்டுக் கதைக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

அதே கடிதத்தில் காவல் நிலையக் கண்காணிப்பு கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படியும் கேளுங்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கில், நிலையத்தின் பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கச் சென்ற நடுவர் அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது பதிவை வைத்திருக்க வேண்டும் என்றது. உத்தரவு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கேட்டு எழுதுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. “அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டு வரலையே” என்று நிலையத்தில் கையை விரித்தால் ஆட்கொணர்வு மனுதான் வழி. உறவினர், நண்பர், அமைப்பு என யார் வேண்டுமானாலும் சென்னை உயர் நீதிமன்றத்திலோ, தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்யலாம். அங்கேயும் முதல் கேள்வி, “புகார் அனுப்பினீர்களா, எப்போது?” என்பதுதான். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: அன்று இரவே எழுதுங்கள்.

ரிமாண்டின்போது நடுவர் “அடித்தார்களா?” என்று கேட்டால் மறைக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பக்கத்தில் ஏட்டு நிற்கிறாரே என்ற பயத்தில் இல்லை என்று சொன்னால் அதுவே பதிவாகிவிடும். கைதானவருக்கு பி.என்.எஸ்.எஸ். 53ஆம் பிரிவின்படி மருத்துவப் பரிசோதனை கட்டாயம்; அறிக்கையின் நகலும் தர வேண்டும்.

மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில், கிரீன்வேஸ் சாலை எனப்படும் பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் இருக்கிறது. புகாருக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் விசாரிக்க மாட்டார்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் எடுக்காது; எனவே இரண்டு பக்கமும் ஓடாதீர்கள். வெறும் பரிந்துரைதானே என்று அலட்சியம் வேண்டாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

இன்னொன்று. ஆளை விடும்போது “நல்ல நிலையில் ஒப்படைத்தார்கள், புகார் இல்லை” என்று எழுதி வாங்குவார்கள். சில நேரம் வெற்றுத் தாளையே நீட்டுவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை வந்தால் போதும் என்று போட்டுவிட்டிருந்தால், நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயங்களைப் பதிவு செய்யுங்கள். எந்தச் சூழலில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை அன்றைக்கே கண்காணிப்பாளருக்கும் ஆணையத்துக்கும் எழுதி அனுப்புங்கள்.